ஒரு காம்பில் ஐந்து

பட்டாணிக் கொடியில் காம்புக்கு இரண்டு பூ. கஞ்சக் கொடியாக இருந்தால் ஒன்று. இதைத் தெரிந்துகொள்ள டிசம்பர் பனியில் வரப்பில் குந்தி உட்கார்ந்தால் போதும். டாக்டர் சச்சிதானந்த் திரிபாதி இதற்காகவே ஆறு வருஷம் படித்து, இருநூற்றெழுபது பக்கம் எழுதி, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டவர். ஆகவே, பிந்தௌலி கிராமத்தில் ஒரு பெண்பிள்ளையின் வயலில் காம்புக்கு ஐந்து பூ பூக்கிறது என்ற செய்தி காதில் விழுந்தபோது, அதை அவர் தன் குடும்ப மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பெண்பிள்ளை ராம்ரதி. லால்மன் மௌரியாவின் மனைவி. லால்மன் என்னைவிட ஆறு மாதம் மூத்தவர், எனவே எனக்கு அண்ணன். அவர் மனைவி எனக்கு பௌஜி, அவளுக்கு நான் பபுவா. பௌஜியைக் கேலி செய்வது எங்கள் பக்கத்தில் கொழுந்தனின் பிறப்புரிமை. திருப்பி வாங்கிக்கட்டிக்கொள்வது கடமை. இருபத்தாறு வருஷமாக நான் கடமை தவறியதில்லை.

என் பெயர் கம்தா பிரசாத். பஜாரில் விதைக் கடை வைத்திருக்கிறேன். எந்த வயலிலும் யாரும் பார்த்திராத காய்களின் படம் போட்ட பொட்டலங்களை விற்கிறேன். இந்தக் கதை என் கடையில்தான் ஆரம்பித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ராம்ரதி அப்படிச் சொல்ல மாட்டாள்.

டாக்டர் பிந்தௌலிக்கு வருவதற்கு ஒன்பது குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், கடையில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருக்கும்போது அவள் வந்தாள். கையில் ஒரு பட்டாணிக் கொடியின் நுனி. முக்காடு மூக்குவரை இறங்கியிருந்தது. முக்காட்டுக்குக் கீழே வாய் வழக்கம்போல திறந்திருந்தது.

"பபுவா, நீ குடுத்த விதைக்குப் பேய் பிடிச்சிருக்கு. இங்க பாரு, ஒரே காம்புல மூணு பூ."

பார்த்தேன். மூன்றுதான். "கலப்படம் பௌஜி. பிடுங்கிப் போட்டுடுங்க."

"என்னது? இன்னொரு வாட்டி சத்தமாச் சொல்லு. கலப்படம்னு கடைக்காரனே ஒத்துக்கறான், எல்லாரும் கேட்டுக்குங்க!"

அன்றைக்கு இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தேன். அவள் அந்தக் கொடியைப் பிடுங்கவில்லை. சிவப்பு நூல் கட்டி வைத்தாள்.

உண்மையைச் சொன்னால், அது ஒன்றும் பெருமைப்படும்படியான கொடி இல்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, குச்சி இல்லாமல் நிற்காமல், ஊரெல்லாம் காய் பறித்து முடித்த பிறகு பூத்தது. மூன்று பூவில் ஒன்று உதிரும். மிஞ்சிய காய்கள் தட்டையாக, உள்ளே நான்கு மணி. லால்மன் அதைப் பார்த்துவிட்டு, "இதை எருமை கூடத் தின்னாது" என்றார். எருமையைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது என்பது பிறகு தெரியவந்தது.

ராம்ரதி வேறு கணக்குப் போட்டாள். எங்கள் ஊர்ப் பட்டாணி குட்டை, இனிப்பு, முந்திக் காய்க்கும், காம்புக்கு இரண்டு. நெட்டையிடம் இருப்பது மூன்று பூ மட்டும்தான். இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் என்ன?

இந்த யோசனையை அவளுக்குக் கொடுத்தவரே டாக்டர் திரிபாதிதான். ஒரு முறை ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயப் பெண்களுக்குப் பயிற்சி என்று நாற்பது பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் அவர் ஒரு பட்டாணி மொட்டைப் பிளந்து காட்டினார். "இது நுண்ணிய கலை. இதற்கு நெடுங்காலப் பயிற்சியும் சீரிய மனமும் வேண்டும். நீங்கள் கண்டு மகிழுங்கள்" என்றாராம். முப்பத்தொன்பது பேர் கண்டு மகிழ்ந்தார்கள். ராம்ரதி வீட்டுக்கு வந்து, மகளுடைய புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.

பட்டாணி தன் கல்யாணத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் ஜாதி. பூ மலர்ந்த பிறகு போனால் காரியம் கெட்டுவிடும். அதற்கு முந்தின நாளே மொட்டைப் பக்கவாட்டில் கீறி, உள்ளே இருக்கும் பத்து இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, நடுவில் நிற்கும் ஒற்றைக் காம்பின் தலையில் மற்றக் கொடியின் மஞ்சள் பொடியைத் தடவ வேண்டும். இழை ஒன்று தங்கினாலும் எல்லாம் வீண். விரல் நடுங்கினால் மொட்டு உதிரும். அந்தப் பனியில் யாருக்குத்தான் விரல் நடுங்காது? நாற்பது மொட்டு செய்தாள். ஒன்பது காய்த்தது.

அடுத்த குளிர்காலம் அந்த விதையை விதைத்தாள். ஊரே வந்து பார்த்தது. ஒரு கொடி விடாமல், ஒரு காம்பு விடாமல், எல்லாம் இரண்டு பூ.

நான் விடுவேனா? "பௌஜி, அவ்வளவு மேளதாளத்தோட கல்யாணம் பண்ணி வைச்சீங்க, பொறந்ததுக்கெல்லாம் உயரம் மட்டும்தான் நெட்டையனோடது, பூ ஊர்க்காரன் ஜாடையாவே இருக்கே! அந்த மூணு பூ எங்க போச்சு?"

ராம்ரதி களையெடுப்பதை நிறுத்தவே இல்லை. "புது மருமக வந்த மொத வருஷம் முக்காட்டை எடுப்பாளா பபுவா? மாமியார் வீட்டுல வாய் திறப்பாளா? உன் பொண்டாட்டி திறந்தாளா?"

"மொத வருஷம் இல்லை."

"இப்போ?"

பக்கத்து வயலில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியின் குரல் பஜார்வரை கேட்கும்.

"அவ்வளவுதான். மூணு பூ உள்ள இருக்கு. முக்காடு போட்டுட்டு உட்கார்ந்திருக்கு. அடுத்த வருஷம் எடுக்கும்."

எடுத்தது. அடுத்த வருஷம் இருநூறு கொடியில் பன்னிரண்டு கொடி மூன்று பூ பூத்தன. அதில் ஒன்று நான்கு. அந்த நான்கு பூக் கொடியிலேயே நடுவில் ஒரே ஒரு காம்பு, திமிராக, ஐந்து. அன்று லால்மன் வீட்டில் இரண்டு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டாராம். அவர் சந்தோஷத்தைக் காட்டும் வழி அது.

பிறகு நான்கைந்து குளிர்காலம் ஒரே வேலை. உயரமானதைக் கழிப்பது, தாமதமாகப் பூப்பதைக் கழிப்பது, பூவை உதிர்ப்பதைக் கழிப்பது, மிஞ்சியதில் சிவப்பு நூல் கட்டி விதைக்கு விடுவது. கழித்ததை எல்லாம் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். இந்த ஆராய்ச்சிக்கு எங்கள் தெருவே அந்த வகையில் ஒத்துழைத்தது.

ஐந்து பூ நிலைத்த வருஷம் அவள் சொல்ல, நான் எழுத, டாக்டர் திரிபாதிக்கு ஒரு கடிதம் போனது. பதில் அழகான எழுத்தில் வந்தது: 'தாங்கள் கண்டது குளிரால் நேர்ந்த தற்காலிகப் பிறழ்ச்சியாக இருக்கலாம். ஐந்து மலர் தோன்றினும் காய் இரண்டே நிலைக்கும். அத்தனைக்கும் உணவூட்டக் கொடிக்குத் திராணி இல்லை. முயற்சிக்கு வாழ்த்துகள்.'

"கொடிக்குத் திராணி இருக்கா இல்லையான்னு அவர் ஊர்ல உட்கார்ந்தே எப்படிக் கண்டுபிடிச்சார்?" என்றாள் ராம்ரதி. "நாடி ஜோசியமா?"

அதோடு விட்டிருப்பாள். ஆனால் விவசாயி உருவாக்கிய இனத்தை விவசாயி பேரிலேயே அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று ஒரு சட்டம் இருப்பதை எவரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. அவள் உழும் நிலம் லால்மன் பேரில். வீடு மாமனார் பேரில். எருமை கூட மச்சினன் வாங்கிக் கொடுத்தது. ஊரில் அவள் 'லால்மன் வீட்டுக்காரி'. அதற்கு முன்னால் 'சோட்டூ பொண்ணு'. ஒன்பது குளிர்காலம் விரல் விறைத்துச் செய்த ஒரு காரியம் மட்டும் தன் பேரில் இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். மூன்று முறை திருத்தச் சொன்னாள்.

ஆனால் இதைப் போல ஒரு விஷயம் ஊரில் நடக்கும்போது பிரதான், அதாவது கிராமத் தலைவர், சுக்நந்தன் சிங் சும்மா இருப்பாரா? ரோடு போட்டால் அதில் அவர் பெயர், அடிகுழாய் போட்டால் அதில் அவர் அப்பா பெயர். போன வருஷமே, "கொஞ்சம் பார்க்கக் குடு மருமகளே" என்று ராம்ரதியிடம் ஒரு கைப்பிடி விதை வாங்கிப் போனார். இந்த வருஷம் ரோட்டோரத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி அரைக்காணி பட்டாணி. நடுவில் பலகை: 'அமரர் சூரஜ்பலி சிங் நினைவு ஐம்மலர்ப் பட்டாணி'. அமரர் உயிரோடு இருந்தவரை பட்டாணியைக் கண்டாலே வாயுத்தொல்லை என்று ஒதுக்கி வைத்தவர்.

"இதுல என்ன இருக்கு கம்தா?" என்று என்னிடம் நியாயம் சொன்னார். "ஒரு பொம்பளை பேர்ல இருந்தா அது ஒரு வீட்டுப் பெருமை. அப்பா பேர்ல இருந்தா கிராமத்துப் பெருமை. நானும் ஒரு விண்ணப்பம் போட்டு வைச்சிருக்கேன். அவளோடது நிக்கலைன்னா என்னோடது நிக்கும். ஊருக்கு நஷ்டம் வரக் கூடாதில்ல?"

ஜனவரியில், பொங்கலன்று எங்கள் பக்கத்தில் வரும் கிச்சடிப் பண்டிகை கழிந்த நான்காம் நாள் கமிட்டி வரும் என்று கடிதம் வந்தது. தலைவர்: டாக்டர் திரிபாதி. குறைந்தது பன்னிரண்டு கொடிகளாவது காம்புக் காம்பாக எண்ணிப் பார்க்கப்படும்.

ராம்ரதியின் முந்தின விதைப்பு அதற்குள் காய் முடிந்து, வயலில் வெங்காய நாற்று நட்டாயிற்று. விதை தகர டப்பாவில் பத்திரமாக இருந்தது. ஆனால் கமிட்டி டப்பாவைப் பார்க்க வரவில்லை. அதற்காகவே தாமதமாக விதைத்த ஒரே ஒரு வரிசை நின்றது. இருபது கொடி. இருபதுக்கும் சிவப்பு நூல். கீழே நிறைந்த காய், மேலே பூ. அந்த வரிசைப் பக்கம் கோழி கூடப் போகப் பயப்பட்டது.

கமிட்டி வந்த அன்று பத்து மணிவரை பனிமூட்டம். பதினொன்றுக்கு ஜீப் வந்து நேராகப் பிரதான் வீட்டு வாசலில் நின்றது. டாக்டர் திரிபாதியும் கூட இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் பைல். டாக்டரிடம் சால்வை. வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு வயலுக்குக் கூட்டிப் போவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். தன் ரோட்டோர வயலில் ஒரு காய் கூடக் குறையக் கூடாதென்று பிரதான் லால்மன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்: "பச்சைப் பட்டாணி அனுப்பு, தாளிச்சு அவலோட குடுக்கணும். ஏனோதானோன்னு அனுப்பாதே. வந்திருக்கறது யாருன்னு தெரியுமில்ல?"

ராம்ரதி அப்போது வீட்டில் இல்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு, காரியம் கைகூடட்டும் என்று ஊர் எல்லையில் இருக்கும் தேவிக்குச் சிந்தூரம் வைக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தவர் லால்மன். வயல் விஷயத்தில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு முடிவு கூட எடுத்திராத மனிதர். அன்றைக்கு எடுத்தார்.

அவர் கணக்கு சுலபம். விருந்தாளிக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே நல்லதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. போனார், இருபது கொடியையும் வேரோடு பிடுங்கினார், முற்றத்து வெயிலில் உட்கார்ந்து ஒரு காய் விடாமல் பறித்தார், உரித்தார், பாத்திரத்தில் போட்டுத் துணி மூடித் தானே தூக்கிக்கொண்டு போனார். கொடிகளை எருமைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

பிரதான் திட்டம் போட்டுச் செய்த சதி என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அவரைச் சின்ன வயசிலிருந்து தெரியும். அவ்வளவு தூரம் யோசிக்கக்கூடியவர் இல்லை.

இஞ்சியும் பச்சை மிளகாயும் போட்டு நெய்யில் தாளித்த பட்டாணி, பக்கத்தில் வறுத்த அவல். டாக்டர் திரிபாதி மூன்று தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தகைய இனிமை! தோலோ மென்மை! இது எவ்வினம்?"

வாசலோரம் கை கட்டி நின்ற லால்மனுக்கு முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டு அஞ்சு பூ பட்டாணிதான் டாக்டர் சாப். சிவப்பு நூல் கட்டினது. நீங்க வர்றீங்கன்னு ஒண்ணு விடாம…"

அந்த நேரத்தில்தான் ராம்ரதி நெற்றியில் தேவி சிந்தூரத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணு விடாம?" என்றாள்.

"ஒண்ணு விடாம" என்றார் லால்மன். முதல் சொல்லில் இருந்த பெருமை இரண்டாவது சொல்லில் இல்லை. அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ராம்ரதி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாங்கள் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்போம்.

டாக்டர் திரிபாதி வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்படியெனில் நாங்கள் ஆய்வு செய்யவேண்டிய மாதிரிகள்…"

"உங்க வயித்துல இருக்கு சாப்" என்றேன் நான். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

பிரதான் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டார். "இதுக்கு எதுக்கு முகத்தைத் தொங்கப் போடணும்? ரோட்டோரம் அப்பா வயல் இருக்கே! அதே பட்டாணிதான். வாங்க, எண்ணுங்க, ஆசை தீர எண்ணுங்க."

ஊர்வலமாகப் போனோம். பலகைக்கு முன்னால் பிரதான் நிற்க ஒரு போட்டோ. பிறகு டாக்டர் திரிபாதி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். உரத்த குரலில் எண்ணினார். பைல்காரர் எழுதினார்.

"இரண்டு. இரண்டு. ஒன்று. ஐந்து! இரண்டு. இரண்டு. இரண்டு. ஒன்று…"

"பெரிய குடும்பம் சாப்" என்றார் பிரதான். "எல்லாரும் ஒரே மாதிரியா இருப்பாங்க?"

"இனம் என்றால் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும்." டாக்டர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் துக்கம் ஒன்றும் இல்லை. "நான் முன்பே எழுதியிருந்தேன். இது பிறழ்ச்சி. நிலைத்தன்மை இல்லை. பிந்தௌலி விண்ணப்பங்கள் இரண்டையும் தள்ளுபடி செய்யப் பரிந்துரைக்கிறேன்."

இரண்டையும். ராம்ரதியைப் பார்த்தேன். முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. எனக்கு ஏன் வாயைத் திறக்கத் தோன்றியது என்று தெரியவில்லை. பிரதான் என் பெரிய வாடிக்கையாளர். வருஷத்துக்கு நாற்பது மூட்டை உரம்.

"டாக்டர் சாப், அந்த ரெண்டு பூ எல்லாம் என் கடைச் சரக்கு. பிரதான்ஜி அக்டோபர்ல பத்துக் கிலோ வாங்கினார். ஒரு கைப்பிடிதான் பௌஜியோடது. மீதி வயலை எதை வைச்சு நிரப்புவார்?"

"அது சமையலுக்கு வாங்கினது!" என்றார் பிரதான்.

"ரோஸ் கலர்ல மருந்து தடவின விதையைச் சமைச்சீங்களா? யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

கேமராக்காரர் சிரித்துவிட்டார். நாற்பது மூட்டை உரம் அந்தச் சிரிப்போடு போயிற்று.

ஆனால் டாக்டர் திரிபாதி ஜீப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். "கலப்படம் என்பது உங்கள் உள்ளூர் விவகாரம். என் முன் மாதிரி இல்லை. மாதிரி இல்லையேல் பதிவு இல்லை."

"டாக்டர் சாப்." ராம்ரதி பேசினாள். "நீங்க எண்ண வந்தது பூவையா, காயையா?"

அவர் நின்றார். இந்தக் கேள்விக்கு நிற்காமல் அவரால் போக முடியாது. "பூவை எண்ணுவதால் யாது பயன்? ஐந்து பூக்கலாம், ஐம்பதும் பூக்கலாம். காய் நிலைக்கிறதா என்பதே கேள்வி. இதை என் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில்…"

"அப்போ பூ இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டீங்க."

"நம்பியிருக்க இயலாது."

"சரி. அப்போ என் எருமையைப் பார்க்க வாங்க."

வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் முன்னால் போன வேகத்தில் பின்னால் போகாமல் இருக்க யாராலும் முடியவில்லை. தொட்டியில் எங்கள் பட்டாணிக் கொடிகள் குவிந்து கிடந்தன. எருமை நிதானமாக, நுனி இலையிலிருந்து ஆரம்பித்து, ரசித்துத் தின்றுகொண்டிருந்தது. ராம்ரதி அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கை கொண்ட மட்டும் கொடிகளை இழுத்துத் தரையில் போட்டாள். ஒரு கொடியைப் பிரித்து நீட்டினாள்.

"காயைத்தான் என் வீட்டுக்காரர் பறிச்சார். காம்பைப் பறிக்கலை. பாருங்க. ஒவ்வொரு காயோட பச்சைத் தொப்பியும் காம்புலயே நிக்குது. பூ தானா உதிர்ந்திருந்தா அந்த இடம் காஞ்சு கறுத்திருக்கும். இது இன்னிக்குக் காலைல பிச்ச இடம். ஈரம் தெரியுதா? எண்ணுங்க."

டாக்டர் திரிபாதி பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு காம்பைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"ஐந்து" என்றார்.

அடுத்த காம்பு. "ஐந்து." அடுத்தது. "நான்கு… இல்லை, இங்கே ஒன்று இருக்கிறது. ஐந்து."

பைல்காரர் எழுத எழுத, டாக்டர் கொடி கொடியாகப் பிரித்தார். மூன்றாவது கொடியில் சால்வையைக் கழற்றி ஜீப் டிரைவரிடம் கொடுத்தார். ஐந்தாவது கொடியில் குனிய முடியாமல் குந்தி உட்கார்ந்தார், சாணத்துக்கு இரண்டு விரல் தள்ளி. ஏழாவதில் நான்கு காய்க் காம்புகள் மூன்று வந்தன. "நாலு, நாலு, நாலு" என்றார் ஒன்றையும் மறைக்காமல். ராம்ரதி, "ஓரத்துக் கொடி. நிழல் விழுந்தது" என்றாள். எட்டாவதில் மறுபடி ஐந்து. அப்போதுதான் கவனித்தேன், அவர் பேச்சில் இலக்கணம் போய்விட்டிருந்தது.

"ஏம்மா, கீழ்க் கணுவுல ஆரம்பிச்சு மேல்வரைக்கும் அஞ்சா? எந்தக் கணுவுலயும் ரெண்டு வரலியா?"

"வந்த கொடியை எல்லாம் நாலு வருஷம் முன்னாடியே நாங்க சாப்பிட்டாச்சு சாப்."

"பத்து" என்றார் பைல்காரர். பிறகு, "பதினொண்ணு. சார், இதோட முடிஞ்சது. தரையில வேற முழுக் கொடி இல்லை. மிச்சம் எல்லாம் துண்டு துண்டா கடிபட்டிருக்கு."

பன்னிரண்டு வேண்டும். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ராம்ரதி தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். லால்மன் வைக்கோலைக் கிளறினார். ஒன்றும் இல்லை. அப்போது எருமை தலையை நிமிர்த்தியது. அதன் வாயின் ஒரு ஓரத்தில் வேர் தொங்கியது. மறு ஓரத்தில் சிவப்பு நூல் கட்டிய நுனி.

லால்மன் பாய்ந்தார். ஆனால் அவருக்கு முன்னால், இருநூற்றெழுபது பக்கம் எழுதிய டாக்டர் சச்சிதானந்த் திரிபாதி எருமையின் கொம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேரைப் பிடித்து இழுத்தார். எருமை இழுத்தது. அவர் இழுத்தார். "விடுடி! விடுடின்னா!" என்று கத்தினார். பிரதான் "சாப், சாப், முட்டிடும்" என்று தூணுக்குப் பின்னாலிருந்து எச்சரித்தார். ராம்ரதி எருமையின் கடைவாய்க்குள் கட்டைவிரலை விட்டு அழுத்தினாள். எருமை வாயைத் திறந்தது. டாக்டர் கொடியோடு பின்னால் போய் வைக்கோல்மேல் உட்கார்ந்தார்.

எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து எண்ணினார். எருமையின் எச்சில் சட்டைக் கைவரை வழிந்தது. ஒவ்வொரு காம்பாகத் துடைத்துத் துடைத்து எண்ணினார்.

"அஞ்சு. அஞ்சு. அஞ்சு. அஞ்சு." கடைசிக் காம்பை இரண்டு முறை எண்ணினார். "ஆறு."

எங்கள் தெருவில் அவ்வளவு சத்தம் ஹோலிக்குக் கூட எழும்பியதில்லை. என் மனைவி கத்தியது பஜாரில் கேட்டதாம்.

பைல் திறந்தது. அங்கேயே, தொட்டியின் விளிம்பில் வைத்து எழுதினார்கள்.

"உருவாக்கியவர் பெயர்?"

"ராம்ரதி தேவி."

"கணவர் பெயர்?"

ராம்ரதி புடவை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எவளும் சொல்ல மாட்டாள். லால்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். காலையிலிருந்து அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"லால்மன் மௌரியா. எழுதுங்க சாப். ராம்ரதியோட வீட்டுக்காரர்னு எழுதுங்க."

"இனத்தின் பெயர்?"

பிரதான் தூணை விட்டு வெளியே வந்தார். "பெயர் மட்டுமாவது அப்பா…"

"உங்கப்பா வயலைத்தான் எண்ணிப் பார்த்துட்டேனே" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

ராம்ரதி கடித்திருந்த முந்தானையை விட்டாள். "ராம்ரதின்னே போடுங்க. வேற யார் பேரைப் போட்டாலும், நாளைக்கு ஏதாவது ஒரு வயல்ல ரெண்டு பூ பூத்தா பாவம் அவங்களைத் திட்டுவாங்க. திட்டறதுன்னா என்னையே திட்டட்டும். வந்து பதில் சொல்ல நான் இருக்கேன்."

ஒன்றரை வருஷம் கழித்து முத்திரை வைத்த காகிதம் வந்தது. டாக்டர் திரிபாதி அந்தப் பட்டாணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்றும், அதில் எருமையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்றும் கேள்வி. போகட்டும். ராம்ரதியின் பெயரை மூன்று இடத்தில் போட்டிருக்கிறாராம்.

இப்போது அக்டோபர் வந்தால் பத்து மைல் சுற்று வட்டாரத்திலிருந்து என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் நான் அடுக்கி வைத்திருக்கும் வண்ணப் பொட்டலங்களை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ராம்ரதி இருக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். அவள் எனக்கு விற்கக் கொடுப்பதில்லை, நான் கலந்துவிடுவேனாம். நான் கடையை விட்டு இறங்கி, நடுரோட்டுக்கு வந்து, அவள் வீட்டுக்குப் போகும் வழியைக் கை நீட்டிக் காட்டுகிறேன். சில பேரோடு பாதி தூரம் நடந்தும் போயிருக்கிறேன். "உங்களுக்குச் சொந்தமா?" என்று ஒருவர் கேட்டார்.

"என் பௌஜி" என்றேன். "விதை என் கடையில வாங்கினதுதான்."